எல்லோரிடமும் கேட்ட கேள்வி

கல்லூரி அனுமதிப் பிரிவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன மாதம் தொலைபேசியில் என்னைக் கேட்டார்.

"அக்கா, படிக்க ஆக்களை எடுக்கேக்கை அவை எந்த நாட்டு ஆக்கள் எண்டு பாக்கலாமோ, பாக்கக்கூடாதோ? நீங்கள் கனகாலம் அதுக்குள்ளை இருந்தனீங்கள். சுருக்கமாச் சொல்லுங்கோ."

சுருக்கமாகச் சொல்ல முடியவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோது, கேட்டவருக்கு மட்டுமல்லாமல் இந்த நாட்டு அலுவலகங்களில் இப்போது வந்து உட்காரும் தமிழ்ப் பிள்ளைகள் உங்கள் எல்லோருக்குமாக எழுதலாம் என்று தோன்றியது.

ஜேர்மனியின் மேற்குப் பகுதியில் ஓர் உயர்கல்லூரியின் அனுமதிப் பிரிவில் நீண்டகாலம் வேலை பார்த்தேன். கண் பார்வை மங்கியதால் சென்ற இளவேனிலில் ஓய்வு வயதுக்கு முன்பே விலகிக்கொண்டேன். வேலைக்குப் போன நாட்களில், வீட்டுக்கு வந்து தேநீர் குடித்து முடித்ததும் அன்று நடந்ததை வரிசை தப்பாமல் எழுதி வைப்பேன். கீழே சொல்லப்போகும் நாளைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறேன். ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அந்த நாளுக்குப் போகுமுன் எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லவேண்டும். இந்த விஷயத்தில் நான் எந்தப் பாரத்தோடு அந்த அறைக்குள் போனேன் என்பது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

என் பெரியண்ணைக்கும் எனக்கும் வயது இடைவெளி அதிகம். அவர் யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிய காலத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. தமிழில் எழுதியவர்களுக்கு வெட்டுப்புள்ளி உயர்ந்தது. அண்ணை பொறியியலுக்குப் போக இருந்தவர். போகவில்லை. இப்போது கனடாவில் இருக்கிறார். பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதையில் தொடங்கினாலும் அவருடைய பேச்சு அந்த வருடத்தில்தான் போய் நிற்கும். "ஆள் ஆர் எண்டு பாத்து மார்க்ஸ் போடத் தொடங்கினா அதோடை முடிஞ்சுது" என்பார்.

என் கணவர் முல்லைத்தீவுப் பக்கம். அவர் பரீட்சை எழுதிய காலத்தில் மாவட்டத்துக்கு இவ்வளவு என்று இடம் ஒதுக்கும் முறை இருந்தது. அவர் படித்த பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இல்லாமல் வருடக்கணக்காகக் கிடந்ததாம். மாவட்ட இடத்தில்தான் அவர் பல்கலைக்கழகம் போனார். அண்ணையோடு தொலைபேசியில் நான் பேசி முடித்ததும் இவர் மெதுவாகச் சொல்லுவார்:

"உன்ரை அண்ணைக்குச் சாத்தின கதவு எனக்குத் திறந்தது. நான் இதிலை என்னத்தைச் சொல்லுறது? நீங்கள் ரெண்டுபேரும் அடிபடுங்கோ, நான் சோத்தைப் போட்டுச் சாப்பிடுறன்."

இரண்டுபேர் சொல்வதும் உண்மை. இரண்டையும் கேட்டுக்கொண்டே நான் வேலைக்குப் போய்வந்தேன்.

இனி அந்த நாள். மருத்துவமாது படிப்புக்கான நேர்முகத் தேர்வு. ஜேர்மன் மொழியில் ஹெபாம்மே என்கிறார்களே, பிரசவம் பார்ப்பவர்கள், அந்தப் படிப்பு. இப்போது அது பட்டப்படிப்பு. இடங்கள் குறைவு, விண்ணப்பிப்பவர்கள் அதிகம். பரீட்சைப் புள்ளிகளில் ஒட்டி ஒட்டி நிற்பவர்களை அழைத்து, நேர்முகத்தில் புள்ளி போட்டு, வரிசைப்படுத்துவோம்.

அறையில் மூன்றுபேர். தலைவி ஒரு பேராசிரியர். முன்னாள் கிழக்கு ஜேர்மனியின் ஹாலே நகரத்தில் பிறந்து வளர்ந்தவர், அதிகம் பேசாதவர். மற்றவர் இளம் விரிவுரையாளர். பல வருடம் பிரசவ அறையில் வேலை செய்துவிட்டுக் கற்பிக்க வந்தவர். மூன்றாவது ஆள் நான். எனக்குப் புள்ளி போடும் உரிமை கிடையாது. நடைமுறை சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதும், சரியில்லை என்றால் நிறுத்தச் சொல்வதும் என் வேலை.

காலையில், முதல் ஆளை அழைக்குமுன், விரிவுரையாளர் ஒரு யோசனையைச் சொன்னார்.

"எங்கள் நகரத்துப் பிரசவ அறைக்கு எந்தெந்த நாட்டுப் பெண்கள் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு முன்னால் நிற்கும் நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி. பேச்சுப் புரியாமல் ஒரு பெண் பயந்து நடுங்குவதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். வெளிநாட்டுப் பின்னணி உள்ளவர்களுக்கு இந்த வருடம் கொஞ்சம் மேலதிகப் புள்ளி கொடுப்போம். பரீட்சார்த்தமாக."

அவர் சொன்ன காரணத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. என் கணவர் அங்கே இருந்திருந்தால் தலையாட்டியிருப்பார். ஆனால் 'மேலதிகப் புள்ளி' என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு அண்ணையின் குரல்தான் கேட்டது.

"விண்ணப்பத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லையே" என்றேன். "யாருக்கு என்று எப்படித் தெரியும்?"

"பெயரைப் பார்த்தால் தெரிகிறதுதானே?"

அவர் கையிலிருந்த பெயர்ப்பட்டியலில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். தலைவி எட்டிப் பார்த்தார்.

"கோவால்ஸ்கிக்கும் வைத்திருக்கிறீர்களே."

"போலந்துப் பெயர்."

"அந்தப் பெயரில் இந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. பூட்டனார் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வந்திருப்பார். இந்தப் பிள்ளைக்குப் போலந்து மொழியில் வணக்கம் சொல்லத் தெரிந்தால் என் மதியச் சாப்பாட்டை உங்களுக்குத் தருகிறேன்."

விரிவுரையாளர் சிரித்துக்கொண்டே அந்தப் புள்ளியை அழித்தார். அதே பட்டியலில் பெனடிக்ற் என்று ஒரு பெயர் இருந்தது. மரியா பெனடிக்ற். அதற்குப் பக்கத்தில் புள்ளி இல்லை. பவேரியாக்காரப் பெயர் என்று அவர் நினைத்திருக்கலாம். விண்ணப்பங்களை முதல்நாளே வாசித்திருந்ததால் அது எங்கள் தமிழ்ப் பிள்ளை என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணக் கத்தோலிக்கக் குடும்பம், ஹாம் நகரம், தகப்பனுடைய பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. வேறு இரண்டு இடங்களில் இதே படிப்புக்கு முயன்று கிடைக்காமல் போனதையும் அவரே எழுதியிருந்தார். இந்த முறையும் இல்லையென்றால் இலையுதிர்காலத்தில் வங்கி ஒன்றில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியைத் தொடங்குவதாக ஒப்பந்தமும் போட்டாயிற்று. கடைசி வரியில் இருந்தது அது: 'இதுவே எனது கடைசி விண்ணப்பம்.'

விதிப்படி தலைவியிடம் சொன்னேன். "பெனடிக்ற் என்பவர் என்னைப்போல் தமிழ். அவரையோ குடும்பத்தையோ எனக்குத் தெரியாது."

"தெரியாதென்றால் இருங்கள்" என்றார் தலைவி. விரிவுரையாளர் பட்டியலை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, பென்சிலை எடுத்து அந்தப் பெயருக்கும் புள்ளி வைத்தார். மேலதிகப் புள்ளி கொடுப்பதா இல்லையா என்பதை எல்லா நேர்முகமும் முடிந்தபின் பார்க்கலாம் என்று தலைவி தள்ளிவைத்தார்.

மரியா கடைசி ஆளாக, மதியத்துக்குச் சற்றுமுன் வந்தார். நேராக உட்கார்ந்தார். படிப்பைப் பற்றிய கேள்விகளுக்கு நன்றாகப் பதில் சொன்னார். அடுத்தது அனுபவம். எங்கள் கேள்வி எப்போதும் ஒரே வசனம்: 'பிரசவம், பராமரிப்பு தொடர்பாகச் சம்பளத்துக்கோ தொண்டாகவோ என்ன செய்திருக்கிறீர்கள்?' காலையிலிருந்து வந்தவர்கள் ஆபிரிக்கக் கிராமத்தில் ஆறு மாதம், முதியோர் இல்லத்தில் விடுமுறை வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரியில் கட்டாயப் பயிற்சிக் காலம் முடித்தேன். வேறொன்றும் இல்லை" என்றார் மரியா.

"ஒன்றுமே இல்லையா?"

"இல்லை."

விரிவுரையாளர் உதவி செய்ய நினைத்தார். குரலை இளக்கிக்கொண்டு கேட்டார்: "உங்கள் பண்பாட்டில் பிரசவத்தை எப்படிப் பார்க்கிறார்கள்? உங்கள் பெண்கள் வீட்டில்..."

மரியாவின் முகம் இறுகிவிட்டது. "நான் ஹாமில் பிறந்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் ஆஸ்பத்திரியில்தான் பெறுகிறார்கள்."

அதன்பிறகு அவர் வாயிலிருந்து ஓமும் இல்லையும்தான் வந்தன. அவர் வெளியே போனதும் விரிவுரையாளர் பெருமூச்சு விட்டார். அனுபவத்துக்கு அடிமட்டப் புள்ளி. கூட்டிப் பார்த்தால் மரியா எடுபடும் கோட்டுக்குக் கீழே இருந்தார். "மேலதிகப் புள்ளி கொடுத்தால் மேலே வந்துவிடுவார்" என்றார் விரிவுரையாளர். சாப்பிட்டபின் முடிவெடுப்போம் என்றார் தலைவி.

மதிய இடைவேளை. கோப்பி மெஷின் நிற்கும் நடைக்கூடத்துக்குப் போனேன். திரும்பும் மூலையில் மரியா எனக்கு முதுகைக் காட்டி நின்று தொலைபேசியில் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் விளங்காது என்ற நம்பிக்கையில் உரத்துத்தான் பேசினார்.

"இல்லையம்மா, சரிவராது போலை... ஓம், கேட்டவை. ஒண்டும் இல்லையெண்டு சொன்னனான்... அதையே? தம்பி பிறந்த அண்டைக்கு நான் உள்ளை நிண்டதையோ? அதை ஏன் அவைக்கு? நீங்கள் கத்தினதையும் அழுததையும் கொண்டுபோய் ஆக்களுக்கு முன்னாலை சொல்லி இடம் வாங்கிறதே? வீட்டிலை உங்களுக்குச் செய்ததெல்லாம் ஒரு வேலையே, அம்மா? அதைப் போய் எழுதுவினமே ஆரும்? ... சரி, அழாதேங்கோ. பாங்கும் நல்ல வேலைதான்."

நான் அசையாமல் நின்றேன். திரும்பியவர் என்னைக் கண்டுவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

"ஓம். ஆனா இண்டைக்கு நான் உங்களோடை கதைக்க ஏலாது, பிள்ளை."

"விளங்குது" என்றார். என் கோப்பியை நான் எடுக்கவில்லை. அறைக்குத் திரும்பி நடந்தேன்.

இந்த இடத்தில் நீங்கள் ஒருமுறை நின்று யோசிக்கவேண்டும். ஒருநாள் உங்களுக்கும் இப்படி ஒன்று வரும். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் அம்மாவுக்கு டாக்டரிடம் மொழிபெயர்ப்பார்கள், அப்பாவுக்கு அலுவலகத்தில் டெர்மின், அதாவது குறித்த சந்திப்பு, என்றால் கூடப்போவார்கள், கடிதங்களுக்குப் பதில் எழுதுவார்கள். அதை வேலை என்று ஒருவரும் சொல்லமாட்டோம். சொன்னால் கணக்குக் காட்டுவதுபோல் இருக்கும், பெற்றோரைக் குறைத்துப் பேசுவதுபோலவும் இருக்கும். அதனால் 'அனுபவம்' என்ற இடத்தில் எங்கள் பிள்ளைகள் ஒன்றுமில்லை என்று சொல்லுவார்கள். பொய் சொல்கிறோம் என்று அவர்களுக்குத் தோன்றாது. அந்த அறையில் இது தெரிந்த ஒரே ஆள் நான். அதுவும் நான் தமிழ் என்பதால் மட்டும்.

கேட்டதை உள்ளே போய்ச் சொல்லலாம். அப்படியானால் எங்கள் ஆளுக்கு நான் ரகசியமாகக் கொண்டுபோய்க் கொடுத்த சாட்சியம் அது. பேசாமல் இருக்கலாம். அப்படியானால் பிரசவ அறைக்குள் நின்ற பிள்ளை ஒன்றுமில்லாதவராகக் கணக்கெழுதப்பட்டு வங்கிக்குப் போவார். மேலதிகப் புள்ளிக்குச் சரி என்று தலையாட்டலாம். இடம் கிடைத்துவிடும். ஆனால் எதற்காகக் கிடைத்தது என்று யாராவது கேட்டால் அந்தப் பிள்ளை என்ன சொல்லும்?

அறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்தபோதுதான் என் வேலை என்ன என்பது நினைவுக்கு வந்தது. புள்ளி போடுவது என் வேலையில்லை. கேள்வி சரியா என்று பார்ப்பது என் வேலை.

"நடைமுறையில் ஒரு பிழை இருக்கிறது" என்று தலைவியிடம் சொன்னேன். "சம்பளத்துக்கோ தொண்டாகவோ என்று கேட்கிறோம். வீட்டில் செய்தது இரண்டிலும் அடங்காது. அதனால் சிலர் ஒன்றுமில்லை என்கிறார்கள். இன்னொரு கேள்வி கேட்கவேண்டும்: 'வீட்டில் யாராவது எதற்காவது உங்களை நம்பி இருந்தார்களா?' இன்றைக்கு வந்த எல்லோரிடமும் கேட்கவேண்டும். போனவர்களையும் திருப்பி அழைக்கவேண்டும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த விரிவுரையாளர் கரண்டியைக் கீழே வைத்தார். "அந்தத் தமிழ்ப் பெண்ணுக்காகக் கேட்கிறீர்கள்."

"அவரால்தான் எனக்குத் தோன்றியது. இடைவேளையில் அவர் தாயோடு பேசியது தற்செயலாக என் காதில் விழுந்தது. என்ன பேசினார் என்று சொல்லமாட்டேன். இதைக் குறிப்பில் எழுதிவிடுகிறேன். அதனால்தான் எல்லோரிடமும் கேட்கவேண்டும் என்கிறேன்."

"காலையில் நானும் இதையேதான் சொன்னேன்! பின்னணியைப் பார்க்கவேண்டும் என்றேன். உங்களுக்குப் பிடிக்கவில்லை. இப்போது அதையே பின்வாசலால் கொண்டுவருகிறீர்கள்."

"நீங்கள் பெயரைப் பார்த்தீர்கள். நான் ஆளைக் கேட்கச் சொல்கிறேன்."

"சொல்லத் தெரியாதவர்களுக்கு? கூச்சப்படுபவர்களுக்கு? உங்கள் கேள்வி என்ன செய்யும்?"

இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை.

தலைவி அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என்னிடம் என்றும் விரிவுரையாளரிடம் என்றும் இல்லாமல் பேசினார்.

"நான் படிக்கப்போன காலத்தில் எங்கள் நாட்டின் பெயர் வேறு. தொழிலாளி, விவசாயி பிள்ளைகளுக்கு முதலிடம். நல்ல காரியம்தான், அதுவரை அவர்களை யார் உள்ளே விட்டார்கள்? என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். தகப்பன் என்ன வேலை? பாதிரியார் என்றேன். அவ்வளவுதான், போகச் சொன்னார்கள். நான் என்ன செய்திருக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பேர்லின் மதில் விழுந்தபிறகுதான் பல்கலைக்கழகத்துக்குள் போனேன், கையில் பிள்ளையோடு." கோப்பையை நகர்த்தி வைத்தார். "எல்லோரிடமும் கேட்போம். ஒருவர்கூடத் தவறக்கூடாது. ஒருவர் தவறினாலும் இன்றைய நேர்முகம் முழுவதையும் ரத்துச் செய்வேன்."

அடுத்த இரண்டு மணித்தியாலம் நான் தொலைபேசியும் கையுமாக இருந்தேன். பெரும்பாலோர் இன்னும் கட்டடத்திலோ பக்கத்துக் கடைகளிலோ நின்றார்கள். சவர்லாண்ட் மலைப்பக்கத்துப் பண்ணை வீட்டுப் பெண் ஒருவர் பஸ்ஸில் ஏறிவிட்டார். முதல் இரண்டு தடவை தொலைபேசியை எடுக்கவில்லை. எடுத்தபோது அடுத்த ஊரைத் தாண்டியிருந்தார்.

"ஒரு கேள்விக்காகவா? தொலைபேசியிலேயே கேளுங்களேன்."

"மற்றவர்களை நேரில் கேட்கிறோம். உங்களையும் நேரில்தான் கேட்கவேண்டும்."

அவர் திட்டியதை நான் குறிப்பில் எழுதவில்லை. ஆனால் இறங்கித் திரும்பி வந்தார். காலில் சப்பாத்தெல்லாம் சேறு.

கேட்கத் தொடங்கினோம். கோவால்ஸ்கி யோசித்துவிட்டு நேர்மையாகச் சொன்னார்: "ஒருவரும் இல்லை. எங்கள் அம்மா எல்லாவற்றையும் தானே செய்துவிடுவார். எனக்கு உருளைக்கிழங்கு அவிக்கவும் தெரியாது." தலைவி சிரித்துவிட்டார். அந்தப் பிள்ளைக்கு அந்தக் கேள்வியில் ஒன்றும் கிடைக்கவில்லை. மற்றவற்றில் நன்றாகச் செய்திருந்ததால் பாதிப்பும் இல்லை. பண்ணைப் பெண் கொஞ்சம் தயங்கி, "பசுமாடு கணக்கில் வருமா?" என்று கேட்டார். பிறகு, பதினான்கு வயதிலிருந்து தகப்பனோடு கன்று இழுத்துப் பிறக்கவைத்ததையும், தாய் புற்றுநோயில் படுத்திருந்த குளிர்காலத்தில் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியதையும் சொன்னார். காலையில் அவரும் அனுபவம் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருந்தார். விரிவுரையாளர் திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார்.

கடைசியாக மரியா. அவர் உட்கார்ந்தபோது நான் முன்னாலிருந்த தாளைக் குனிந்து பார்த்தேன். என் கண்ணில் அவர் ஏதாவது வாசித்துவிடக்கூடாது என்பதற்காக.

தலைவி கேள்வியை அதே சொற்களில் கேட்டார்.

"இதை என்னை மட்டுமா கேட்கிறீர்கள்?" என்றார் மரியா.

"எல்லோரையும். ஒருவர் பஸ்ஸில் இருந்து இறங்கி வந்தார்."

"தெரியும். வெளியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சரியான கோபத்தில் இருக்கிறார்." பிறகு சொல்லத் தொடங்கினார்.

தம்பி பிறந்தபோது அவருக்குப் பத்து வயது. தகப்பன் உணவகச் சமையலறையில் வேலை. தொலைபேசியை எடுக்க முடியாத நேரம். தாய்க்கு ஜேர்மன் மொழி வராது. மொழிபெயர்க்க ஆளில்லாமல் பிள்ளையை உள்ளே விட்டார்கள். தாயின் தலைமாட்டில் நின்றுகொண்டு அவர் இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தையின் இதயத் துடிப்புக் குறைகிறது, உடனே வெட்டி எடுக்கவேண்டும், தாயிடம் சம்மதம் கேள் என்று டாக்டர் சொன்னார்.

"நான் அம்மாவிடம் அப்படிச் சொல்லவில்லை. தம்பி சுகமாக இருக்கிறான், அடுத்த அறைக்குக் கொண்டுபோகப் போகிறார்கள், சரி என்று சொல்லுங்கோ என்றேன். அம்மா சரி என்றார். சம்மதம் என்று டாக்டரிடம் சொன்னேன். அம்மா சம்மதித்தது எதற்கு என்று அம்மாவுக்கே தெரியாது. நான் செய்தது பிழை என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்று மட்டும் தெரியவில்லை. அதைப் படிக்கத்தான் வந்தேன்."

பிறகு, மேசையைப் பார்த்துக்கொண்டு, "அங்கே நின்ற ஹெபாம்மே எனக்கு உட்கார ஒரு கதிரை கொண்டுவந்து தந்தார். நான் சின்னப்பிள்ளை என்பது அவருக்கு மட்டும்தான் நினைவிருந்தது" என்றார்.

விரிவுரையாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அவர் கண்ணைத் துடைப்பதை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

அன்றைக்கு மேலதிகப் புள்ளியைப் பற்றி யாரும் பேசவில்லை. கூட்டிப் பார்த்தபோது மரியாவும் பண்ணைப் பெண்ணும் கோட்டுக்கு மேலே இருந்தார்கள். வந்த பிள்ளைகள் எல்லோரும் போனபின் நான் ஜன்னலைத் திறந்துவிட்டு நின்றேன்.

மேலங்கியை மாட்டிக்கொண்டே விரிவுரையாளர் என்னிடம் வந்தார். கோபம் இருக்கவில்லை. "ஒன்று சொல்லட்டுமா? என் முறைப்படியும் அவருக்கு இடம் கிடைத்திருக்கும். தெரியாத மூன்றுபேருக்கு முன்னால் அந்தக் கதையைச் சொல்லாமலே கிடைத்திருக்கும்."

"ஓம்" என்றேன். அது உண்மை. அதனால் அடுத்த வருடத்திலிருந்து அந்தக் கேள்வியை முன்கூட்டியே அனுப்பினோம். எழுத்திலும் பதில் சொல்லலாம், ஒரு வரியே போதும் என்றோம். அதை எழுதியவர் அந்த விரிவுரையாளர்தான். இன்றுவரை எல்லோரிடமும் அதைக் கேட்கிறார்கள். அது போதுமா என்று என்னைக் கேட்காதீர்கள். அண்ணை கேட்டார் என்றால் போதும் என்பேன், கணவர் கேட்டார் என்றால் போதாது என்பேன். இரண்டுபேரையும் மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உங்கள் காதில் விழுந்தால், அதை உங்கள் ஆளுக்காக உள்ளே கொண்டுபோகாதீர்கள். கேள்வியாக மாற்றி எல்லோருக்கும் முன்னால் வையுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அந்த நேர்முகம் நடந்த ஆண்டே பிந்திய இலையுதிர்காலத்தில் கொலோனில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தோம். எங்கள் மேசைக்குப் பின்மேசையில் மரியாவும் பெற்றோரும் இருந்தார்கள். அவர் என்னைக் கண்டு தலையசைத்தார். நானும் அசைத்தேன், அவ்வளவுதான். தகப்பன் யாரிடமோ மகள் படிக்கத் தொடங்கியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த ஒருவர், ரோல்ஸைக் கடித்தபடி கேட்டார்:

"மருத்துவிச்சிப் படிப்போ? அதுக்கும் இப்ப யூனிவர்சிட்டியே? இல்லை, இப்ப வெளிநாட்டு ஆக்களுக்கெண்டு தனியா இடம் விடீனமாம். அதிலை எடுத்திருப்பினம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல சனம்."

தகப்பன் சிரித்து மழுப்பினார். நான் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பப் போனேன். கணவர் என் முழங்கையைத் தொட்டு, "திரும்பாதை" என்றார். நான் திரும்பியிருந்தாலும் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

"இல்லை அங்கிள்" என்றது மரியாவின் குரல். கோபம் இல்லாத குரல், சாப்பாட்டுக்கு இடையில் ஏதோ சாதாரணமாகச் சொல்வதுபோல. "என்னட்டைக் கேட்டதைத்தான் எல்லாரிட்டையும் கேட்டவை. பஸ்ஸிலை போன பிள்ளையைக்கூட இறக்கிக் கூப்பிட்டுக் கேட்டவை. அவ இப்ப என்ரை வகுப்பிலைதான். வேணுமெண்டா ஃபோன் பண்ணித் தாறன், கேளுங்கோ. இன்னும் அந்தக் கோபம் போகேல்லை அவவுக்கு."

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அந்த மனிதரும் சிரித்தார். "சரி சரி, பெரிய ஆள்தான்" என்று சொல்லிவிட்டு இன்னொரு ரோல்ஸை எடுத்தார். தாய் மகளின் கோப்பையில் தண்ணீர் ஊற்றினார்.

கணவர் என்னைப் பார்த்தார். "என்னப்பா, சாப்பிடேல்லையோ?"

"சாப்பிடுறன்" என்றேன். அப்போதுதான் எனக்குப் பசி தெரிந்தது.